பட்டாணிக் கல், பதினோரு டன்

கல்குவாரியின் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
வேல்ஸில் எங்கள் பக்கம்
மழை பெய்தால் யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் பேச்சு.

நவம்பரில் வந்தாள் ஹெலெத்.
வருகிறவர்கள் முதலில் விலை கேட்பார்கள்.
இவள் ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள்,
காலுறையைச் சுருட்டி அதற்குள் திணித்தாள்,
குவியல் குவியலாக ஏறத் தொடங்கினாள்.

உடைத்த சுண்ணாம்புக் கல்லில் மூன்று எட்டு.
நான்காவதில்
எங்கள் மொழியின் மிகப் பழைய வசவு ஒன்று
கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது.
பழைய சாலையைச் சுரண்டிய தார்க்கல்லை
கையில் அள்ளி மோந்துவிட்டு உதறினாள்.
மணல்மேட்டில் சுகமாகத்தான் நின்றாள்.
"புல்லோடு இதையும் தின்பாள்,
வயிற்றுக்குள் ஒரு கடற்கரை சேரும்"
என்று இறங்கிவிட்டாள்.
மரச்சில்லு போதாதா என்று நான் கேட்டேன்.
"போன வருஷம் அதுதான்.
இந்த வருஷம் அது சேறு."

கடைசியாகப் பட்டாணிக் கல்.
விளிம்பில்லாத கல், ஆறு தின்று துப்பியது.
கணுக்கால் வரை புதைந்தாள்.
கல் விலகிக் கொடுத்து, பிறகு
பாதத்தின் குழிவுக்குள் வந்து நிரம்பியிருக்க வேண்டும்;
அவள் முகத்தில் அது தெரிந்தது.
வெகுநேரம் நின்றாள்.
பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன.

குதிரையின் பெயர் எய்ரின்.
லாடம் கழற்றி ஏழு வாரம்.
குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு சதை,
தவளை என்பார்கள் அதை,
களிமண் ஈரத்தில் அழுகிக்கொண்டிருந்தது.
ஹெலெத்தின் விரலிடுக்கில் அந்த நாற்றம்,
நோட்டை எண்ணி நீட்டியபோது எனக்கும் வந்தது.
சேணத்தை விற்ற பணமாம்.
ஏறி உட்காரும் இடத்தை விற்று
நிற்கும் இடத்தை வாங்குகிறாள்,
நான் சில்லறையைத் தவறாக எண்ணினேன்.

கொட்டிவிட்டு வந்த எம்ரிஸ் சொன்னான்:
கீழே வடிகட்டும் துணி, அதன்மேல் கல்,
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் கொட்டகை வாசலிலும்
அரைச்சாண் ஆழம், மண்வாரியால் அவளே பரப்பினாளாம்.
குதிரையோ
கல்லின் ஓரம் வரை வந்து
சேற்றிலேயே நின்றதாம்,
வாடகை ஒத்துவராத வீட்டைப் பார்ப்பதுபோல.

ஒன்பது நாள் அப்படி.
பத்தாம் நாள் விடியற்காலை
உறைபனியில் டார்ச் அடித்துப் பார்த்தால்
பட்டாணிக் கல்மேல் படுத்துக் கிடந்ததாம் எய்ரின்,
பக்கவாட்டில், நான்கு காலையும் நீட்டி,
செத்துப்போனது போல, குறட்டையோடு.
ஹெலெத் முதலில் அழுதாளாம்,
குறட்டையைப் பிறகுதான் கேட்டாளாம்.

பிப்ரவரி கடைசியில் திரும்பவும் வந்தாள்.
இன்னும் இரண்டு டன்.
கதவடியில் துணி விரிக்க மறந்த இடத்தில்
மண் கல்லை விழுங்கிவிட்டது, என் தப்பு, என்றாள்.
குளம்பு?
பதிலாகத் தன் இரண்டு கையையும்
என் மேஜைமேல் வைத்து நடத்திக் காட்டினாள்:
இது முன்பு, விரல்நுனி குத்தி, பயந்து பயந்து.
இது இப்போது, மணிக்கட்டுப் பக்கம் முதலில் பதிந்து
பிறகு விரல்.
"குதியை நம்புகிறாள்" என்றாள்.
மேஜை முழுக்க ஈரச் சுவடு.

சீட்டில் ஒரு கட்டம் உண்டு, பயன்பாடு என்று.
வண்டிப்பாதை, வடிகால், அடித்தளம்,
இருபது வருஷமாக இந்த மூன்றையே எழுதுகிறேன்.
அன்று
லாடம் என்று எழுதினேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது,
ஏதோ தவறு, திருத்துங்கள் என்று.
சரி என்றேன்.
இன்னும் திருத்தவில்லை.